எம்.ஏ. போன மெட்ராஸ்

மழை எவ்வளவு பெய்தது என்று தெரிந்துகொள்ள வாசலில் ஒரு பாத்திரத்தை வைத்தால் போதும். நம் சர்க்காருக்கு அது போதாது. பாத்திரத்துக்கு ஒரு காவலர், காவலருக்கு ஒரு மேற்பார்வையாளர், மேற்பார்வையாளருக்கு லீவு கொடுக்க ஓர் ஆபீஸ் என்று வளர்ந்து வளர்ந்து, கடைசியில் கல்கத்தா பாலிகஞ்சில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் ‘அகில இந்திய மழைமானி வாரியம்’ என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கல்கத்தாவில் நல்ல மழை பெய்தால் முதலில் முழங்கால் தண்ணீர் நிற்பது அந்த வாரியத்தின் வாசலில்தான். அன்றைக்கு ஒருவரும் ஆபீஸ் வர முடியாது. அதனால் அன்றைய மழை மட்டும் பதிவாகாது.

இந்த வாரியத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க்காகப் பதினொரு வருஷம் குப்பை கொட்டியவர் ஆர். வாஞ்சிநாதன். சரித்திரத்தில் எம்.ஏ. வங்காளிகள் வாயில் ‘வா’ நுழையாது என்பதால் ஆபீசில் அவர் பாஞ்சி பாபு. அவர் மனைவி சாவித்ரி இதே வாரியத்தின் மெட்ராஸ் கிளையில் டைப்பிஸ்ட். கல்யாணமாகி எட்டு வருஷம். இவர் காளிகாட் சந்து ஒன்றில், மூன்று பேர் படுக்கும் மெஸ் அறையில். அவள் மாம்பலத்தில், ஏழு வயசுப் பெண் நாகலட்சுமியுடன். லீவுகளை எல்லாம் ஒட்டுப்போட்டுப் பார்த்தால் இருவரும் சேர்ந்து குடித்தனம் செய்தது பத்து மாசம் தேறும். போன தடவை லீவில் போயிருந்தபோது குழந்தை பக்கத்து வீட்டில் போய், “கல்கத்தாலேர்ந்து எனக்கு ஒரு அப்பா வந்திருக்கார்” என்று சொல்லிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்தது.

மெட்ராஸுக்கு ஒரு மாற்றல். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வருஷா வருஷம் ஜனவரியில் மனு கொடுப்பார். வருஷா வருஷம் மார்ச்சில் ‘காலியிடம் இல்லை’ என்று பதில் வரும். எண்பத்து மூன்றாம் வருஷம் மட்டும் அப்படி வரவில்லை. அந்த வருஷம்தான் வாரியத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

கம்ப்யூட்டர் வந்த வைபவத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. கட்டடத்திலேயே ஏ.ஸி. வைத்த ஒரே அறை அதற்கு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காளி கோயிலிலிருந்து செம்பருத்தி மாலை வந்தது. புரோகிதர் டேப் சுற்றும் தட்டுக்குக் குங்குமம் இட்டுவிட்டு, சங்கல்பத்துக்கு இயந்திரத்தின் கோத்திரம் என்ன என்று கேட்டார். நிர்வாக அதிகாரி ஹரிபத சன்யால் கொஞ்சம்கூட யோசிக்காமல் “கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா” என்றார். அந்தக் கோத்திரத்திலேயே பூஜை நடந்தது. முடிந்த கையோடு மின்சாரம் போய்விட்டது. கல்கத்தாவில் அது அபசகுனம் இல்லை, தினசரி நடப்பு. எல்லோரும் இருட்டில் சந்தேஷ் இனிப்பு சாப்பிட்டார்கள்.

அந்த வருஷத்து மாற்றல் மனுக்களை அந்த இயந்திரமே பரிசீலிக்கும் என்று சுற்றறிக்கை வந்தது. சிபாரிசு இல்லை, ஜாதி இல்லை, முகதாட்சண்யம் இல்லை. வாஞ்சிநாதனுக்கு ஆள் பலம் ஏதும் கிடையாது என்பதால் அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார், பாவம்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. மடிப்பு மடிப்பாக நீண்ட தாளில், பச்சைக் கோடுகளுக்கு நடுவே:

ஆர். ஆஞ்சிநாதன். பால்: ஆண். மாற்றப்படும் இடம்: டிராஸ்.

ரிப்பனில் மை காய்ந்து முதல் எழுத்துகள் விழவில்லை போலிருக்கிறது என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார். வாரியத்தின் பாத்திரம் இருக்கும் ஊர்களிலெல்லாம் சின்னக் கொடி குத்தியிருந்தது. உச்சியில், ஸ்ரீநகரையும் தாண்டி, லடாக்கில் ஒரு கொடி. டிராஸ் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருந்தது. குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி. அங்கே மழை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது, பனிதான். மழைமானி வருஷா வருஷம் குளிரில் வெடிக்கும், வாரியம் வருஷா வருஷம் புதுசு அனுப்பும். அங்கிருந்த ஊழியர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஊரைக் கேட்டு இதுவரை ஒருவரும் மனு போட்டதில்லை.

வாஞ்சிநாதன் தாளைத் தூக்கிக்கொண்டு சன்யால் அறைக்கு ஓடினார். சன்யால் பேசியது வங்காளமும் இங்கிலீஷுமாக. நான் தமிழில் தருகிறேன். ஓர் எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதெல்லாம் வாரியத்தின் வேலை.

“பாஞ்சி பாபு! வாங்க, வாங்க, வாழ்த்துகள்! நானூற்றுப் பன்னிரண்டு பேர் மனு போட்டாங்க. நானூற்றுப் பதினொண்ணைக் கம்ப்யூட்டர் துப்பிடுச்சு. பாஸானது நீங்க ஒருத்தர்தான்.”

“சார், நான் மெட்ராஸ்னு எழுதினேன்.”

“எழுதியிருப்பீங்க. ஆசைப்படறது மனுஷ சுபாவம்.”

“மத்தவங்க மனுவெல்லாம் என்ன ஆச்சு சார்?”

“அதுல எல்லாம் தப்பு. கல்கத்தா கேட்டவனுக்கெல்லாம் பால்: சி-ன்னு வந்திருக்கு. ஹவுரா கேட்டவனுக்கு எச். அப்படி ஒரு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லைன்னு இயந்திரம் தள்ளிடுச்சு. ஃபரக்கா கேட்ட எட்டு பேர் எஃப்-னு பொம்பளையாயிட்டாங்க, ஆனா ஊர் ‘ரக்கா’ன்னு வந்ததால அதுவும் போச்சு. எல்லாத்தையும் கையால திருத்திப் பழையபடி போஸ்டிங் போட்டாச்சு. கல்கத்தா கேட்டவனுக்குக் கல்கத்தா.”

“என்னோடதையும் அப்படியே கையால திருத்திடுங்களேன் சார்.”

சன்யாலின் முகம் வாடிவிட்டது. “தப்பு இருந்தாத்தானே திருத்த முடியும், பாஞ்சி பாபு? ஆண்னு இருக்கு, நீங்க ஆண். ஊர்னு இருக்கு, அந்த ஊர் இருக்கு. காலியிடம் இருக்கு. சுத்தமான ரெக்கார்டு. சுத்தமான ரெக்கார்டைத் தொட்டா அது மோசடி. டெல்லிக்கு அறிக்கை போயாச்சு: வெற்றி, ஒன்று. உங்களையும் தப்புன்னு சொல்லிட்டா என்ன மிச்சம்? நீங்களே சொல்லுங்க.”

“பூஜ்யம் சார்.”

“பார்த்தீங்களா, உங்களுக்கே புரியுது!”

எப்படி இது நேர்ந்தது என்றாவது தெரிய வேண்டாமா என்று வாஞ்சிநாதன் கெஞ்சினார். சன்யால் கையை விசிறினார். “அதெல்லாம் டெக்னிகல். கோபோல் எழுதினதை பாஸ்கல் படிக்கும்போது ஏதோ ஆயிடுச்சாம். அவங்களைக் கேளுங்க.”

கோபால் எழுதி, பாஸ்கர் படித்திருக்கிறான். வாஞ்சிநாதனின் காதில் விழுந்தது அதுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஆபீசில் எந்த அனர்த்தத்துக்கும் பின்னால் ஓர் ஆள் இருந்தே பழக்கம்.

தபால் பிரிவில் கோபால் தாஸ் என்று ஒருவர் இருந்தார். வாஞ்சிநாதன் நேரே போய், “நான் உனக்கு என்னப்பா கெடுதல் பண்ணினேன், ஏன் இப்படி எழுதினே?” என்று கேட்டார். கோபால் தாஸ் பதறிப்போனார். “நான் கவர் ஒட்டறவன் பாபு! எழுதத் தெரிஞ்சிருந்தா இதுக்குள்ள சூப்பரின்டென்டென்ட் ஆகியிருக்க மாட்டேனா?” பாஸ்கர் மண்டல் என்பவர் சாந்த்ராகாச்சியில், உடைந்த மழைமானிகளைக் குவித்து வைத்திருக்கும் கிடங்கில் இருந்தார். அரை நாள் லீவு போட்டு, லோக்கல் ரயில் பிடித்து வாஞ்சிநாதன் அங்கேயும் போனார். பாஸ்கர் மண்டல் தன் மூக்குக்கண்ணாடி போன துர்கா பூஜையின்போதே உடைந்துவிட்டது, அதற்கப்புறம் எதையும் படித்ததே இல்லை என்று காளி மேல் சத்தியம் செய்தார். நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் உண்மையைச் சொன்னவர் இரண்டாம் மாடி விஞ்ஞானப் பிரிவின் தலைவர் முனைவர் பார்த்தசாரதி. கும்பகோணத்துக்காரர். லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கும்போது பார்த்துப் பழக்கம்.

“கோபாலும் இல்லை, பாஸ்கரும் இல்லை ஓய்! கோபோல், பாஸ்கல். ரெண்டும் பாஷை. கம்ப்யூட்டர் பாஷை. கீழ்மாடி தத்தா ஆட்கள் கோபோல்ல எழுதி வைப்பா. நாங்க பாஸ்கல்ல படிப்போம்.”

“தமிழை வங்காளி படிச்ச மாதிரியா?”

“அதைவிட மோசம். ஒரு பந்தியை நெனச்சுக்கும். ஒரு எழுத்துக்கு ஒரு இலை. தத்தா ஒட்டி ஒட்டி உட்கார வைப்பார். நடுவுல இலையே விட மாட்டார். எங்க பாஷை அப்படியில்லை. பேரோ ஊரோ எதுவானாலும் இரட்டைப்படை இலையிலதான் ஆரம்பிக்கும். ஒத்தைப்படையில வந்து நின்னா அந்த இலையைக் காலியா விட்டுட்டு அடுத்ததுல உட்காரும். இயந்திரத்துக்கு அதுதான் சௌகரியம். இப்போ உம்ம ரெக்கார்டைப் பாரும். முதல்ல உம்ம இனிஷியல், ஆர், ஒரே இலை. அடுத்தது காலி இலைன்னு பாஸ்கல் தாண்டிடுத்து. அது காலியில்லை, அங்கே உம்ம பேரோட முதல் எழுத்து உட்கார்ந்திருந்தது. போச்சு. இப்படி எல்லாம் ஒரு இலை தள்ளிப்போய், ஆண்ங்கற எம் இருக்க வேண்டிய இடத்துல மெட்ராஸோட எம் வந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொரு இலையைக் காலின்னு தாண்டினா, அதுல இருந்தது மெட்ராஸோட ஏ. மிச்சம் என்ன?”

வாஞ்சிநாதன் விரல் விட்டு எண்ணினார். “டி, ஆர், ஏ, எஸ்.”

“டிராஸ். மெட்ராஸுக்கு எம்.ஏ. போச்சு, அவ்வளவுதான்.”

வாஞ்சிநாதன் எம்.ஏ. சிரிக்கவில்லை. “அப்போ நான் ஆண்னு வந்திருக்கறதே...”

“மெட்ராஸோட தயவுதான். நீர் கல்கத்தான்னு கேட்டிருந்தா உம்மையும் தள்ளியிருக்கும், பிழைச்சிருப்பீர்.”

“தப்பு யார் மேல சார்?”

“அதான் விசேஷமே! தப்பே இல்லை. அவா பாஷைப்படி அவா சரி, எங்க பாஷைப்படி நாங்க சரி. ரெண்டு பேரும் சரியா இருக்கறதாலதான் இந்தச் சங்கடம்.”

“பாஸ்கலை இலை தாண்டாம படிக்கச் சொல்ல முடியாதா?”

“ஒரே ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும்.” பார்த்தசாரதி குரலைத் தாழ்த்தினார். “ஆனா கீழ்மாடிக்காக மேல்மாடி மாத்திண்டதுன்னு ஆயிடுமே.”

வாஞ்சிநாதன் கீழ்மாடிக்கு இறங்கினார். நிகில் தத்தா, கம்ப்யூட்டருக்கு முந்திய கணக்கு இயந்திரக் காலத்திலிருந்து, பத்தொன்பது வருஷமாக அட்டையில் துளை போடும் பிரிவின் தலைவர். “நான் ரெண்டு இடத்துல ஒவ்வொரு காலி எழுத்து விட்டா முடிஞ்சது விஷயம்” என்று அவரும் ஒப்புக்கொண்டார். “ஆனா பத்தொன்பது வருஷத்துல நான் ஒரு எழுத்து இடம்கூட வீணாக்கினவன் இல்லை, பாஞ்சி பாபு. மேல்மாடிக்காரர் எழுத்து மூலமாக் கேட்கட்டும், யோசிக்கலாம்.” கேட்கச் சொல்லி பார்த்தசாரதியிடம் வந்தால், “நான் கேட்டா நான் தப்புன்னு ஆகாதோ?” என்றார். அந்த வாரம் வாஞ்சிநாதன் அந்த மாடிப்படியை எத்தனை தரம் ஏறி இறங்கினார் என்பதற்குக் கணக்கு இல்லை. ஒரு காலி எழுத்து. வெறும் ஒன்றுமில்லாத இடம். அதை விடுவதற்குத்தான் இரண்டு மாடிக்காரர்களுக்கும் மனசு வரவில்லை. எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

யூனியன் இருக்கிறதே என்று தோன்றும். அவருக்கும் தோன்றியது. கம்ப்யூட்டரை எதிர்த்து வாசலில் தினமும் கோஷம் போடும் சங்கத் தலைவர் பரேஷ் தா, அதாவது பரேஷ் அண்ணன், பூமிக்கடி ரயிலுக்காகத் தோண்டிப் போட்ட பள்ளத்தின் ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து, வாஞ்சிநாதன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கண்கூடக் கலங்கிவிட்டது.

“தோழர், இது அநியாயம். ஆனா ஒரு கொள்கைப் பிரச்சினை இருக்கு. நம்ம சங்கம் அந்தக் கம்ப்யூட்டரை அங்கீகரிக்கலை. அதனால அது போட்ட உத்தரவையும் அங்கீகரிக்கலை. எங்களைப் பொறுத்தவரை உங்களுக்கு மாற்றலே ஆகலை.”

“அப்போ நான் போக வேண்டாமா?”

“போகலைன்னா சம்பளம் நின்னுடும், போங்க. ஆனா நடக்காத மாற்றலை எதிர்த்து நாங்க எப்படிப் போராட முடியும்? போராடினா அது நடந்ததுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.” டீ வந்தது. பரேஷ் தா இவருக்கும் சேர்த்து இரண்டு பிஸ்கட் சொன்னார்.

ஏப்ரலில் ஒரு குழு அமைத்தார்கள். ‘இரு மொழி இட ஒழுங்குக் குழு’ என்று பெயர். தலைவர் சன்யால். வெயில் காலம் என்பதால் குழு கம்ப்யூட்டர் அறையில்தான் கூடியது. உறுப்பினர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தப்பட்டவர் என்ற முறையில் வாஞ்சிநாதனை வாசலில் நிற்க வைத்தார்கள்.

தத்தா தம் பாஷையில் காலி எழுத்துக்கு ‘ஃபில்லர்’ என்று பெயர், இரண்டு ஃபில்லர் போட்டால் தீர்ந்தது என்று குறிப்பு வைத்தார். குறிப்பில் ‘இரண்டு காலியிடங்கள், ஃபில்லர்’ என்று இருந்தது. அது தானாகவே பணியமைப்புப் பிரிவுக்குப் போய்விட்டது. காலியிடம் என்று எழுதிய எந்தக் காகிதமும் அங்கே போயாக வேண்டும் என்பது விதி. அவர்கள் பதினான்கு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பதவி நிரந்தரமா, தற்காலிகமா? தகுதி என்ன? பணி என்ன?

தத்தா எரிச்சலில், ‘பணி எதுவும் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தால் போதும்’ என்று எழுதினார். மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘விவரிக்கப்பட்ட பணியின் தன்மையைப் பார்க்கும்போது, இவை அதிகாரி அந்தஸ்துப் பதவிகளாகத் தெரிகின்றன. டெல்லியின் ஒப்புதல் தேவை.’

இதற்கிடையில் பார்த்தசாரதி ஒரு நாள் படிக்கட்டில் வாஞ்சிநாதனை ஓரங்கட்டினார். “இதெல்லாம் நடக்கற காரியம் இல்லை ஓய். மே மாசம் மறு ஓட்டம் இருக்கு, எல்லார் மனுவையும் இயந்திரத்துல திரும்ப ஓட்டுவா. புது மனு போடும். முன்னால ரெண்டு எழுத்து சேர்த்து எழுதிடும். எம், ஏ, அப்புறம் முழுசா மெட்ராஸ். முதல் எம் உம்மை ஆணாக்கும், ஏ காலி இலையில விழும். மிச்சம் மெட்ராஸ்!”

வாஞ்சிநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தசாரதியின் கையைப் பிடித்துக்கொண்டார். மனு வாங்கும் ஜன்னலில் இருந்தவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். “மா...மா...ட்ராஸ்? இது எங்க இருக்கு?”

“மெட்ராஸ் பக்கத்துல” என்றார் வாஞ்சிநாதன். வாழ்நாளில் அவர் ஆபீசில் சொன்ன முதல் பொய். அன்று சாவித்ரிக்கு இன்லண்டில், ‘இந்தத் தடவை நிச்சயம். நாகுவிடம் சொல்லு’ என்று எழுதிப் போட்டார்.

மறு ஓட்டத்துக்கு முதல் நாள் குழு இறுதி முடிவு எடுத்தது. டெல்லியே வேண்டாம், ஃபில்லர் என்ற பேச்சே வேண்டாம், இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சன்யால் எழுந்து நின்று பேசினார்.

“கனவான்களே, ஒருத்தர் மட்டும் இறங்கி வந்தா அது தோல்வி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இறங்கி வந்தா அது பண்பாடு. தத்தா பாபு பெயர் எதுவும் சொல்லாம ரெண்டு இடத்துல காலி விடட்டும். டாக்டர் பார்த்தசாரதி காலி விடாம படிக்கட்டும். இந்த நிறுவனத்துல முப்பது வருஷமா நான் கடைப்பிடிக்கிற தர்மம் இது ஒண்ணுதான்: எது சரின்னு நான் எப்பவும் பார்த்ததில்லை, யாருக்கும் வருத்தம் வரக் கூடாதுன்னு பார்த்திருக்கேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். தத்தாவும் பார்த்தசாரதியும் கட்டிக்கொண்டார்கள். வாசலில் நின்ற வாஞ்சிநாதன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் அவருக்கும் கொஞ்சம் கணக்குப் பிடிபட்டிருந்தது. “சார்... சார், ரெண்டு பேரும் மாத்தினா மறுபடியும்...” என்று ஆரம்பித்தார். உள்ளே சந்தேஷ் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் காதிலும் விழவில்லை.

மறு ஓட்டம் நடந்தது. தத்தா இலை விட்டு உட்கார வைத்தார், பார்த்தசாரதி இலை விடாமல் படித்தார். எல்லாம் இந்தத் தடவை எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பால் என்ற இடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் விழவில்லை. வெற்றிடம். வாரியத்தில் மனு போட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரும், தத்தாவின் மைத்துனர் உட்பட, ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று தள்ளப்பட்டார்கள். வாஞ்சிநாதனின் ஊர் ‘எம்’, ஓர் இடைவெளி, ‘மாமாட்ராஸ்’ என்று வந்திருந்தது.

“முன்னேற்றம்தான்” என்றார் சன்யால். “போன தடவை பலவிதமான தப்பு. இந்தத் தடவை எல்லாருக்கும் ஒரே தப்பு. சமத்துவம். ஆனா வெற்றின்னு ஒண்ணுகூட இல்லையே, டெல்லிக்கு என்ன எழுதறது?” அதனால் பழைய ஏற்பாட்டுக்கே திரும்புவது என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. அதில் ஒருவராவது பாஸாகியிருக்கிறார் அல்லவா? அந்த ஒருவரின் மேசைக்கு மறுநாள் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, ஜூன் பத்தாம் தேதிக்குள் டிராஸில் சேர வேண்டும் என்ற உத்தரவு. மற்றது, இல்லாத ஊருக்கு மனுச் செய்து இயந்திரத்தின் நேரத்தை வீணடித்ததற்கு விளக்கம் கேட்ட மெமோ. ஒரு தடவை மாற்றல் பெற்றவர் மூன்று வருஷத்துக்கு மறுபடி கேட்கக் கூடாது என்று மெமோவின் கடைசியில் நினைவூட்டியிருந்தார்கள்.

வாஞ்சிநாதன் விளக்கம் எழுத உட்கார்ந்தார். ‘ஐயா, எனக்கு ஒரு பெண் இருக்கிறாள்’ என்று ஒரு வரி எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘வருந்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தார்.

மெட்ராஸில் சாவித்ரி சும்மா இருக்கவில்லை. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் இருக்கலாம் என்று விதி இருக்கிறதே, நானும் டிராஸுக்கே வருகிறேன் என்று மனு எழுதினாள். டிராஸ் என்று எழுதியதால் அவளுக்குப் பால்: டி என்று வந்து தள்ளுபடியானது. பார்த்தசாரதியைக் கேட்டு வாஞ்சிநாதன் வழி சொல்லி அனுப்பினார்: டிராஸ் வேண்டுமென்றால் மெட்ராஸ் என்று எழுது, ஆண் என்று வந்தால் வரட்டும். அவளும் எழுதினாள். அங்கிருந்த ஜன்னல்காரர் மனுவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம். “ஏம்மா, மெட்ராஸ்லேர்ந்து மெட்ராஸுக்கு மாற்றலா? போய் வேலையைப் பாரும்மா.”

அதற்கப்புறம் வந்தது டிரங்க் கால். மெஸ்ஸுக்கு எதிரே இருந்த மருந்துக் கடை போனில், வண்டிச் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாஞ்சிநாதன் கத்தினார். “என்னது? கேட்கலை!”

“ஏன்னா, ராஜினாமா குடுத்துட்டேன்! காத்தால குடுத்தேன். சாயங்காலம் வாங்கிண்டுட்டா!”

“ஒரே நாளிலயா?”

“ஒரே நாளில! கையாலேயே எழுதிக் குடுத்துட்டா! நாங்க ரெண்டு பேரும் மெயில்ல வரோம். நீங்க எந்தக் குளிருக்குப் போனாலும் சரி, எட்டு வருஷம் போறும்!”

“பைத்தியமா நீ? அங்க ஸ்கூல்கூட...” என்று அவர் கத்துவதற்குள் மூன்று நிமிஷம் முடிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, மருந்துக் கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், கவுண்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. சந்தோஷமும் அதில் இருந்தது.

ஜூன் முதல் வாரம். ஜம்மு ரயிலுக்கு ஹவுராவில் காத்திருந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு ஹோல்டால், நியூ மார்க்கெட்டில் வாங்கிய கம்பளிக் கோட்டுகள். கல்கத்தா வேர்வையில் அந்தக் கோட்டுகளைப் பார்த்தாலே மூச்சு முட்டியது. பென்டிங்க் தெருவில் சீனாக்காரர் கடையில் நாகுவுக்குப் பூட்ஸ் வாங்கியிருந்தார்கள். குழந்தை அளவில் பனி பூட்ஸ் இல்லை என்று சீனாக்காரர் பெரியதாக ஒரு ஜோடி கொடுத்திருந்தார். நாகு அதை இப்போதே போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம் பிடித்துப் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தில் இரண்டு தரம் தடுக்கி விழுந்தாள்.

வழியனுப்ப சன்யால் வந்திருந்தார். மாலை போட்டார். புறப்படும் அவசரத்தில் வாஞ்சிநாதன் கையொப்பமிட்டு வாங்காமல் விட்ட அன்றைய சுற்றறிக்கை ஒன்றை, விதிப்படி நேரில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். “நல்ல குடும்பம், நல்ல குடும்பம்” என்று நாகுவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வாஞ்சிநாதன் படித்தார். பிறகு சாவித்ரியிடம் நீட்டினார்.

‘மெட்ராஸ் கிளையில் ஓர் இடம் திடீரெனக் காலியாகியுள்ளது. விருப்பமுள்ள எழுத்தர்கள் உடனே மனுச் செய்யலாம். கையால் பரிசீலிக்கப்படும். கடந்த மூன்று வருஷத்துக்குள் மாற்றல் பெற்றவர்கள் தகுதியற்றவர்கள்.’

சாவித்ரி இரண்டு தரம் படித்தாள். “என் நாற்காலின்னா இது” என்றாள்.

“ம்.”

“நான் எழுந்தப்புறம்தான் அங்க ஒரு இடம் இருக்குன்னே அவாளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தூரத்தில் ரயில் பின்பக்கமாக நகர்ந்து பிளாட்பாரத்துக்குள் வந்துகொண்டிருந்தது. கூலிகள் ஓட ஆரம்பித்தார்கள். நாகு எழுந்து ஓரடி வைத்து மறுபடி தடுக்கினாள்.

சாவித்ரி அவளைப் பெட்டி மேல் உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றினாள். அந்தச் சுற்றறிக்கையை நடுவில் இரண்டாகக் கிழித்து, ஒவ்வொரு பாதியையும் நன்றாகக் கசக்கி உருட்டி, ஒவ்வொரு பூட்ஸின் நுனியிலும் விட்டு விரலால் அழுத்தினாள். பிறகு குழந்தையின் காலை உள்ளே நுழைத்துக் கயிற்றைக் கட்டினாள்.

“இப்போ நடந்து பாரு.”

நாகு பத்தடி போய்த் திரும்பி வந்தாள். “சரியா இருக்கும்மா” என்றாள்.